கேளுங்க சொல்றேன்: கடல்ல சிவப்பு கட்டம் போட்டா ஏவுகணையா?

இந்த தடவை வந்த தபால், வாட்ஸ்அப் எல்லாத்தையும் கொட்டிப் பார்த்தா பாதிக்கு மேல ஒரே சங்கதி. வங்காள விரிகுடாவுல நீட்டமா ஒரு சிவப்பு கட்டம் போட்ட மேப், கீழ "அக்னி டெஸ்ட் உறுதி"ன்னு ஒரு வரி, அது தடாவுல இருந்து நகரி வரைக்கும் எல்லா குரூப்லயும் சுத்திக்கிட்டு இருக்கு. அதனால வழக்கமா வர்ற பட்டா தகராறு, பத்தியக் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சிருக்கேன், கோச்சுக்காதீங்க.

கல்லூரி மாணவர், தடா: சார், ராணுவம் எப்ப ஏவுகணை விடும்னு ஒரு வாரம் முன்னாடியே மேப் வந்துடுது. இது ரகசியம் இல்லையா? யாரு லீக் பண்றாங்க?

யாரும் லீக் பண்ணல தம்பி. அந்த கட்டத்தோட மூலைக்கெல்லாம் அட்சரேகை, தீர்க்கரேகைன்னு எண் இருக்கே, அதை வெளிய விட்டதே அரசாங்கம்தான். ரெண்டு வழியா வரும். ஒன்னு விமானத்துக்கு, பேரு நோட்டாம், இந்திய விமான நிலைய ஆணையம் போடுது, இந்த மாதிரி அபாய பகுதின்னா பொதுவா ஏழு நாள் முன்னாடியே சொல்லிடணும்னு சர்வதேச விதி. இன்னொன்னு கப்பலுக்கு. உலகத்துக் கடலை 21 பகுதியா பிரிச்சு ஒவ்வொன்னுக்கும் ஒரு நாட்டை பொறுப்பாக்கி வச்சிருக்காங்க, நம்ம தலையில விழுந்தது 8ஆவது பகுதி, அதை கவனிக்கற கடற்படையோட ஹைட்ரோகிராஃபிக் ஆபீஸ் எங்க இருக்குன்னா டேராடூன்ல, கடல் காத்தே படாத மலையடிவாரத்துல! அங்கிருந்து சாட்டிலைட் வழியா கப்பலுக்கு போகும், கரைக்கு கிட்டக்க இருக்கற கப்பலுக்கு 518 கிலோஹெர்ட்ஸ்ல நேவ்டெக்ஸ்ங்கற ரேடியோ சேதியாவும் வரும்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்னா, ஏவுகணையோட முதல் கட்டம் எரிஞ்சு தீர்ந்ததும் கழண்டு கடல்ல விழும், பின்னாடியே ரெண்டாவது, கடைசியா முனை. இலங்கைக்கு தெற்கால மலாக்கா பக்கம் போற பெரிய கப்பல் பாதையை தாண்டித்தான் நீண்ட தூர ஏவுகணை போகணும். யாரோ ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமி டீ குடிச்சுக்கிட்டு நிக்கற டெக் மேல நம்ம இரும்பு விழுந்தா என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க. நம்ம பக்கம் கல்குவாரியில வெடி வைக்கறதுக்கு முன்னாடி சிவப்பு கொடி நட்டு விசில் அடிப்பாங்களே, அதேதான் இதுவும். கொடியை பார்த்தா வெடி வைக்கப் போறாங்கன்னு தெரியும், எத்தனை குழி, எவ்வளவு மருந்துன்னு கொடி சொல்லாது. வாட்ஸ்அப்ல மேப் போடற ஆளுங்க மறக்கறது இதைத்தான்.

வாசகர், ஆரம்பாக்கம்: நானே ஒரு நோட்டாமை எடுத்து அதுல இருந்த எண்ணை போன் மேப்ல போட்டேன். ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் கும்மிடிப்பூண்டி பக்கத்துல இருந்து கிளம்பற மாதிரி காட்டுது. எண்ணை தப்பா போட்டிருக்காங்களா, இல்ல வேணும்னே குழப்பறாங்களா?

சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க, ஆனா ரொம்ப நல்ல கேள்வி, ஏன்னா முதல் தடவை போடற முக்கால்வாசி பேர் இங்கதான் சறுக்குவாங்க. ஷார், அதாவது ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம், அதோட லாஞ்ச் பேட் இருக்கறது சுமாரா 13 டிகிரி 43 நிமிஷம் வடக்கு, 80 டிகிரி 14 நிமிஷம் கிழக்கு. நோட்டாம்ல இதை புள்ளி, இடைவெளி எதுவும் இல்லாம ஒட்டி எழுதியிருப்பாங்க. நீங்க அதை 13.43, 80.14னு அடிச்சிருப்பீங்க. ஒரு டிகிரிக்கு 60 நிமிஷம், 100 இல்ல. 43ஐ 60ஆல வகுத்தா 0.717, அப்ப சரியான எண் 13.717. அதே மாதிரி 14ஐ வகுத்தா 80.233. இப்ப போட்டுப் பாருங்க, புலிகாட் ஏரியைத் தாண்டி தீவு மேல போய் உக்காரும். 13.43க்கும் 13.717க்கும் நடுவுல கிட்டத்தட்ட 32 கிலோமீட்டர், அதுதான் உங்க ராக்கெட் கும்மிடிப்பூண்டிக்கு கிழக்கால வந்து நின்னுருச்சு.

இதே வேகத்துல நேரத்தையும் சொல்லிடறேன். நோட்டாம்ல நேரம் பத்து எண்ணா வரும், வருஷம் ரெண்டு, மாசம் ரெண்டு, தேதி ரெண்டு, மிச்சம் நாலு மணி நிமிஷம். உதாரணத்துக்கு கடைசி நாலு எண் 0330னு இருந்தா விடிகாலை மூன்றரை இல்லை, அது உலகப் பொது நேரம், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி கூட்டணும், காலை 9 ஆகும். 2030னு இருந்தா நம்மளுக்கு ராத்திரி 2 மணி, தேதியும் மறுநாள் ஆயிடும். முந்தின நாள் ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சு பார்த்துட்டு "ஒன்னுமே நடக்கல, எல்லாம் புரளி"ன்னு மெசேஜ் போடறவங்க நிறைய பேர் இந்த கேஸ்தான்.

ஆசிரியை, சூளூர்பேட்டை: எங்க ஊர்க்காரங்களுக்கு ராக்கெட் புதுசு இல்ல. ஆனா எச்சரிக்கையை மட்டும் பார்த்து இது இஸ்ரோ, இது ஏவுகணைன்னு பிரிக்க முடியுமாங்க?

பெரும்பாலும் முடியும் டீச்சர். முதல்ல எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க. உங்க ஊர் கிட்டக்க ஆரம்பிச்சா இஸ்ரோ, அதை அவங்களே தேதி, நேரம், ராக்கெட் பேரு எல்லாம் போட்டு அறிவிச்சுடுவாங்க. ஒடிசா கரையில அப்துல் கலாம் தீவு, 2015 வரைக்கும் வீலர் தீவுன்னு பேரு, அங்க ஆரம்பிச்சா பெரும்பாலும் ராணுவத்துக்கு ஆயுதம் உருவாக்கற டி.ஆர்.டி.ஓ.வோட ஏவுகணை. விசாகப்பட்டினத்துக்கு வெளிய நடுக்கடல்ல ஆரம்பிச்சா நீர்மூழ்கியில இருந்து விடறாங்களோன்னு சந்தேகப்படலாம்.

ரெண்டாவது வடிவம். ராக்கெட்டுக்கு லாஞ்ச் பேடை சுத்தி ஒரு வட்டம், அப்புறம் நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரு கட்டம், இன்னும் தள்ளி இன்னொரு கட்டம்னு துண்டு துண்டா இருக்கும், கழண்ட பாகம் விழற இடம் அது. பி.எஸ்.எல்.வி. துருவப் பாதைக்கு போகும்போது நேரா தெற்க போனா இலங்கை மேல போகணும், அதனால தென்கிழக்கா கிளம்பி நடுவுல திரும்பும், கட்டத்தை கோடு போட்டு சேர்த்தீங்கன்னா அந்த வளைவு அப்படியே தெரியும். குலசேகரப்பட்டினத்துல ரெண்டாவது ஏவுதளம் கட்டறதே இந்த சுத்தலை மிச்சம் பண்றதுக்குத்தான். ஏவுகணைக்கோ பெரும்பாலும் ஒரே நீள கட்டம், கரையில குறுகலா ஆரம்பிச்சு போகப் போக அகலமாகி ஓரிடத்துல முடிஞ்சிடும், ஏன்னா அது திரும்பி பூமிக்கு வந்தே ஆகணும்.

கட்டத்துக்கு உள்ளதான் எல்லாம் விழும்னும் இல்ல. 2023 ஜூலையில மேற்கு ஆஸ்திரேலியாவுல கிரீன் ஹெட் பக்கம் கடற்கரையில பெரிய பித்தளை கலர் உருளை ஒன்னு ஒதுங்குச்சே, அது நம்ம பி.எஸ்.எல்.வி.யோட மூணாவது கட்டமா இருக்கும்னு ஆஸ்திரேலிய விண்வெளி ஏஜென்சி சொல்லுச்சு. கடல்ல விழுந்தது நீரோட்டத்துல எங்கெங்கயோ போயிருக்கு.

வாசகர், கும்மிடிப்பூண்டி: கட்டத்தோட நீளம் 3,500 கிலோமீட்டர், அதனால இது நீர்மூழ்கியில இருந்து விடற கே-4 ஏவுகணைதான்னு அடிச்சு சொல்றாங்க. நம்பலாமா?

நீளத்தை நம்புங்க, பேரை நம்பாதீங்க. இவ்வளவு தூரம் வரைக்கும் மூடியிருக்காங்க, அது உண்மை. அதுக்கு மேல சொல்றதெல்லாம் ஊகம்தான். 5,000 கிலோமீட்டருக்கு மேல போற அக்னி-5ஐ முழு தூரத்துக்கும் விடணும்னு சட்டமா இருக்கு? உயரமா ஏத்தி கிட்டக்க இறக்கலாம், எரிபொருள் இருக்கும்போதே கம்மி தூரத்துக்கு திருப்பலாம். தூரம் கம்மியான ஏவுகணைக்கு பாதுகாப்புக்காக கட்டத்தை நீட்டியும் போடலாம், அடுத்தவனை குழப்பறதுக்காகவே பெருசா போட்டாலும் கேக்க ஆளில்லை.

எச்சரிக்கையில பேரும் இருக்காது, நோக்கமும் இருக்காது. அபாய பகுதி, இந்த நாலஞ்சு முனை, இந்த நேரம், தரையில இருந்து எல்லையில்லாத உயரம் வரை, அவ்வளவுதான். அந்த எல்லையில்லாத உயரம்ங்கறதை மட்டும் கவனிங்க, அது உபயோகமான குறிப்பு. கப்பல் பீரங்கி பயிற்சின்னா இத்தனை ஆயிரம் அடின்னு ஒரு கூரை போட்டிருப்பாங்க, வானத்தை மொத்தமா மூடினா பெருசா ஏதோ மேல போகுதுன்னு அர்த்தம். 2019 மார்ச் 27ஆம் தேதி மிஷன் சக்தின்னு நம்மாளுங்க சுமார் 300 கிலோமீட்டர் உயரத்துல ஒரு நம்ம சாட்டிலைட்டையே அடிச்சாங்களே, அதுக்கும் முன்னாடியே நோட்டாம் இருந்துச்சு, வங்காள விரிகுடாவுல கட்டம் இருந்துச்சு, ஆனா சாட்டிலைட்டை அடிக்கறோம்னு அதுல எழுதியா வைப்பாங்க? பிரதமர் டிவியில வந்து சொன்ன பிறகு பழைய கட்டத்தை எடுத்து வச்சு ஓ இதுதானான்னு சேர்த்துப் பார்த்தாங்க. கெட்டிக்காரங்க செய்யறது அந்த வேலைதான், முன்கூட்டி ஜோசியம் சொல்றதை விட பின்னாடி கணக்கை சரி பார்க்கறது. வெளிநாட்டுல சாட்டிலைட்டையெல்லாம் கண்ணுல பார்த்து குறிச்சு வைக்கற ஆளுங்க இருக்காங்க, அவங்க எழுதறதை படிங்க, "இருக்கலாம்", "தோணுது"ன்னுதான் எழுதுவாங்க. "உறுதி"ன்னு போடறவன் மேப்பை கடன் வாங்கினவன்.

வாசகர், நாகலாபுரம்: போட்ட தேதியில ஒன்னுமே நடக்கலையே, ஏன்?

எச்சரிக்கை போட்டா விட்டே ஆகணும்னு இல்ல. நாலஞ்சு நாளைக்கு சேர்த்து ஜன்னல் மாதிரி திறந்து வச்சுக்குவாங்க, காத்து சரியில்லைன்னாலோ ஒரு வால்வு சரியில்லைன்னாலோ தள்ளும். அதனாலதான் நோட்டாம்ல புதுசு, மாத்தினது, ரத்து பண்ணினதுன்னு மூணு வகை. நீங்க பார்த்த ஸ்கிரீன்ஷாட் மூணு நாள் பழசா இருந்தா அது ரத்தானது உங்களுக்கு எப்படி தெரியும்?

வேற காரணமும் உண்டு. நீங்க படிக்கற அதே எண்ணை பெய்ஜிங்லயும் படிக்கறாங்க. 2022 நவம்பர்ல நம்ம நோட்டாம் இருந்த சமயத்துல சீனாவோட யுவான் வாங்-6ங்கற கப்பல் இந்தியப் பெருங்கடலுக்குள்ள வந்துச்சு, ஏவுகணையோட பாதையை ரேடார்ல பிடிக்கறதுதான் அந்த மாதிரி கப்பலோட வேலை, அப்புறம் நோட்டாம் வாபஸ் ஆச்சுன்னு பத்திரிகையில வந்துச்சு. டிசம்பர் 15ஆம் தேதி சாயங்காலம் அக்னி-5 பறந்துச்சு.

மீனவர், பழவேற்காடு: கப்பலுக்கு டேராடூன்ல இருந்து சொல்றாங்க சரி சார். என் ஃபைபர் போட்ல அந்த பெட்டியும் இல்ல, சாட்டிலைட்டும் இல்ல. எங்களுக்கு யார் சொல்றாங்க? லாஞ்ச் அன்னிக்கு தொழிலுக்கு போகாம கூலி போகுதே, அதுக்கு என்ன வழி?

அண்ணே, இந்த மூட்டையிலயே நேரா விஷயத்துக்கு வந்த கேள்வி உங்களுதுதான். கட்டம் போட்டதே கடல்ல இருக்கறவனுக்காக, அதை வீட்டு சோபாவுல உக்காந்து இருக்கறவன் முதல்ல பார்க்கறான், கடல்ல இருக்கறவன் கடைசியா கேக்கறான். உங்க பக்கம் ஷார் லாஞ்ச் அன்னிக்கு மீன்வளத்துறை சொல்லி, கடலோர போலீஸ் சொல்லி, குப்பத்து நாட்டார் மைக்குல சொல்லி, இப்படி வாய் மாறி வாய் மாறித்தான் வருது. முந்தின நாளே முகத்துவாரம் தாண்டி போயிட்ட படகுக்கு யார் போய் சொல்றது?

கொஞ்சம் மாறிக்கிட்டு வருது. போன் சிக்னல் இல்லாத தூரத்துலயும் நாவிக்ங்கற நம்ம நாட்டு வழிகாட்டி சாட்டிலைட் வழியா எச்சரிக்கை வாங்கற கருவி 2019ல அறிமுகமாச்சு. அப்புறம் ரெண்டு பக்கமும் சேதி அனுப்பற டிரான்ஸ்பாண்டரை 1 லட்சம் படகுக்கு இலவசமா பொருத்தற திட்டத்தை 2024 ஆகஸ்ட்ல தொடங்கினாங்க. உங்க மீன்வளத்துறை ஆபீஸ்ல படகு பதிவு எண்ணோட போய் கேளுங்க, சங்கத்து மூலமா கேட்டா இன்னும் நல்லது. ஏவுகணை சோதனை கட்டம் பெரும்பாலும் ஒடிசா கரையில ஆரம்பிச்சு நடுக்கடல் வழியா போறதால அன்னன்னிக்கு போயிட்டு வர்ற உங்க மாதிரி படகு அதுக்குள்ள மாட்டறது அபூர்வம், ஆழ்கடலுக்கு போற விசைப்படகுதான் ஜாக்கிரதையா இருக்கணும்.

கூலி விஷயம் எழுதியிருந்தீங்க. ஒடிசாவுல இருக்கற சாந்திப்பூர் ஏவுகணை சோதனை தளத்துல 2024 ஜூலையில ஒரு சோதனைக்காக ஏவுதளத்தை சுத்தி இருந்த பத்து ஊர்ல 10,000க்கு மேல ஆளுங்களை அன்னிக்கு ஒரு நாள் வேற இடத்துல தங்க வச்சப்ப தலைக்கு இவ்வளவுன்னு நஷ்டஈடு குடுத்தாங்க. ஊரை விட்டு நகர்த்தினா காசு உண்டு, தொழிலை நிறுத்தினா என்னன்னு நீங்க கேக்கறது என் கணக்குல நியாயமான கேள்வி. மனுவுல சாந்திப்பூர் விஷயத்தை எழுதுங்க.

வாசகர், நகரி: நம்ம ஏவுகணை சோதனையை பாகிஸ்தானுக்கு நாமளே முன்கூட்டி சொல்றோமாமே? இதென்ன கூத்து?

கூத்து இல்லீங்க, 2005 அக்டோபர்ல ரெண்டு நாடும் இஸ்லாமாபாத்ல கையெழுத்து போட்ட ஒப்பந்தம். சோதனை ஜன்னல் தொடங்கறதுக்கு குறைஞ்சது மூணு நாள் முன்னாடி சொல்லணும், ஜன்னல் அஞ்சு நாள். ஏவற இடம் எல்லையில இருந்து 40 கிலோமீட்டருக்குள்ள இருக்கக்கூடாது, விழற இடம் 75 கிலோமீட்டருக்குள்ள இருக்கக்கூடாது. மேல ஏறி வளைஞ்சு வந்து விழற பாலிஸ்டிக் ஏவுகணைக்கு மட்டும்தான் இது, பிரம்மோஸ் மாதிரி விமானம் போல பறக்கற குரூஸ் வகை கணக்குல வராது. சண்டை வந்தப்பவும் இது ரத்தாகாம ஓடிக்கிட்டு இருக்குங்கறதை பார்த்தாலே ரெண்டு பக்கத்துக்கும் இது எவ்வளவு தேவைன்னு தெரியும். 2016ல இருந்து ஹேக் நடத்தை நெறின்னு, ஏவுகணை விடறதை முன்கூட்டி சொல்லிக்கற உலக ஏற்பாட்டுலயும் இந்தியா இருக்கு.

சொல்லாட்டி என்ன ஆகும்னு கேட்டா ஒரு கதை இருக்கு. 1995 ஜனவரி 25, நார்வேயில வடதுருவ ஒளியை ஆராய ஒரு ராக்கெட் விட்டாங்க, வெறும் விஞ்ஞான ராக்கெட், ரஷ்யாவுக்கு சில வாரம் முன்னாடியே எழுதியும் போட்டாங்க. அந்த கடிதாசி ரேடார் முன்னாடி உக்காந்திருந்த ஆளுங்க கைக்கு போய் சேரல. அவங்க திரையில பார்த்தா அமெரிக்க நீர்மூழ்கியில இருந்து வர்ற டிரைடென்ட் ஏவுகணை மாதிரியே தெரியுது. ரஷ்ய அதிபர் எல்ட்சின் முன்னாடி அணு ஆயுத பெட்டியை திறந்து வச்சுட்டாங்க. சில நிமிஷத்துல அது ரஷ்யா பக்கம் வரலைன்னு தெரிஞ்சு பெருமூச்சு விட்டாங்க. சொல்லியும் இந்த லட்சணம், அதுவும் பனிப்போர் முடிஞ்ச பிறகு. சொல்லாமலே விடற நாடும் இருக்கு, 1998ல வடகொரியா ஜப்பான் தலைக்கு மேல ஒன்னை தூக்கிப் போட்டப்ப அந்த பக்கம் இருந்த விமானத்துக்கும் கப்பலுக்கும் ஒரு வார்த்தை கிடையாது.

வாசகி, புத்தூர்: போர்ட் பிளேர் போற பிளைட் நேரத்தை திடீர்னு மாத்திட்டாங்க. இதனாலதானா?

இருக்கலாம்மா. 2025 மே 23, 24 ரெண்டு நாளும் அந்தமான் மேல வான்வெளியை காலையில மூணு மணி நேரம் மூடினாங்க. டிக்கெட் போடறதுக்கு முன்னாடி கண்டுபிடிக்க வழியில்ல, காலை பிளைட்டை நம்பி சாயங்காலம் கப்பல் பிடிக்கற மாதிரி திட்டம் போடாதீங்க.

மாணவர், சத்தியவேடு: இதையெல்லாம் தேடிப் பார்த்தா போலீஸ் பிடிக்குமா அண்ணா?

உலகத்துக்கே அறிவிச்சதை படிக்கறதுக்கு யாரு பிடிப்பாங்க? டேராடூன் ஆபீஸ் வெப்சைட்ல அமல்ல இருக்கற எச்சரிக்கை பட்டியல் இருக்கு, அமெரிக்க அரசு தளத்துலயும் நம்ம கடல் பகுதி எச்சரிக்கை வரும், நோட்டாம் தேடற இடத்துல சென்னை வான்பகுதிக்கு வி-ஓ-எம்-எஃப், கொல்கத்தாவுக்கு வி-இ-சி-எஃப்னு அடிச்சா போதும். அதோட நிறுத்திக்கோங்க. ஷார் வேலிக்கு பக்கத்துல டிரோன் பறக்க விடறது, உள்ள வண்டி போறதை படம் பிடிக்கறது, ஷார்ல வேலை பார்க்கற மாமாகிட்ட தேதி கேட்டு குரூப்ல போடறது, இதெல்லாம் வேற. தடை செஞ்ச இடம்னா 1923ஆம் வருஷத்து அலுவல் ரகசிய சட்டம் வரும், மாமா வேலையும் போகும்.

வாசகர், சூளூர்பேட்டை: எங்க வீட்டு மொட்டை மாடியில இருந்து அக்னி தெரியுமா?

மத்தியானம் விட்டா தெரியாது. அப்துல் கலாம் தீவு உங்க ஊர்ல இருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல, பூமியோட வளைவுக்கு அது கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் உயரம் ஏறினாதான் உங்க அடிவானத்தை தாண்டும். பொழுது சாஞ்ச நேரத்துல விட்டாங்கன்னா கீழ இருட்டிடும், மேல வெயில் இருக்கும், பின்னாடி வர்ற புகை பளிச்சுன்னு தெரியும். 2022 டிசம்பர்ல நான் சொன்ன அந்த சோதனை அன்னிக்கு சாயங்காலம் வங்காளத்துல, ஒடிசாவுல நிறைய பேர் வானத்துல விசித்திர வெளிச்சம்னு போன்ல எடுத்து போட்டாங்க. நோட்டாம் நேரத்தோட அஞ்சரை மணி கூட்டி, அது சாயங்காலம் அஞ்சரை ஆறு மணியை தொட்டுச்சுன்னா மாடிக்கு ஏறுங்க. வடகிழக்குல ஆரம்பிச்சு கிழக்கால நகரும். ஐப்பசி கார்த்திகை மழை மேகம் நின்னா ஏறாதீங்க, கால் வலிதான் மிச்சம்.